அரைத் தேக்கரண்டி

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

குட்டி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள் என்று மாப்பிள்ளை சொன்னார். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உதட்டு வீக்கம் வடிந்ததா? அவளுக்கு ஆகாத நிலக்கடலை நான் கொடுத்த பிஸ்கட்டில் இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் தலைக்கு மேல் வேலை. மாடு வளர்க்கும் வீட்டுக் குழந்தைகளின் மலத்தையும் அடுக்குமாடிக் குழந்தைகளின் மலத்தையும் ஒப்பிட்டு, குடலில் எந்தெந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்று பார்க்கிறோம். மத்தியானம் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. நீ சிரிப்பாய் என்றுதான் இதை எழுதினேன்.

உன் அக்கா

மார்ச் 11

அக்கா,

வீக்கம் வடிந்துவிட்டது. பள்ளிக்கும் போகிறாள். நேற்று தலை வாரும்போது, "பெரியம்மா பிஸ்கட் தரலம்மா. ஸ்பூன்ல தந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டா உடம்பு பழகிடும்னு சொன்னாங்க" என்றாள். மருத்துவரிடம் நீ பிஸ்கட் என்றுதானே சொன்னாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

தங்கை

மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

குட்டி சொன்னதுதான் உண்மை. நிலக்கடலை வெண்ணெய், அரைத் தேக்கரண்டி.

உடம்புக்குப் பிறவியிலேயே ஒரு காவல் உண்டு. எதை விரட்டுவது, எதை விட்டுவிடுவது என்று அதைப் பழக்குவதில் குடல் நுண்ணுயிர்களுக்குப் பெரிய பங்கு. அது பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் நடப்பது. ஒவ்வாமை வந்த பிறகு வீட்டில் ஊட்டிப் பார்ப்பது ஆபத்து என்று நானே கட்டுரையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தேதான் கொடுத்தேன். நீ பொம்மையைக்கூட வெந்நீரில் கழுவுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உன் பயம் வீண் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பு.

"நீ கழுவிக் கழுவித்தான் இவளுக்கு இப்படி வந்துச்சு" என்று போன வருடம் சொன்னேனே, அதற்கும் ஆதாரம் கிடையாது. இதுதான் காரணம் என்று ஒன்றை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. உன்மேல் தவறில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தை மருத்துவரிடம் காட்டினேன். பிஸ்கட் என்று எழுதியிருந்த குறிப்பைத் திருத்திக்கொண்டார். நிலக்கடலை மாவை மில்லிகிராம் அளவில் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை அந்த மருத்துவமனையிலேயே இருக்கிறதாம். வரும் செவ்வாய்க்கிழமை தொடங்குகிறோம், பிறகு செவ்வாய்தோறும் போக வேண்டும். மாவு கொடுத்த பின் இரண்டு மணி நேரம் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நர்சும் கூடவே இருப்பார்.

என்மேல் தவறில்லை என்ற வரியைப் பல தடவை படித்தேன். ஒரு வருடமாக நான்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி அவளை உன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எனக்கு எல்லாச் செவ்வாயும் விடுப்புக் கிடைக்காது. அவளும் "பெரியம்மா வருவாங்களா?" என்று கேட்டபடி இருக்கிறாள்.

காலை ஒன்பது மணி, இரண்டாம் மாடி. வெறுங்கையோடு வா.

தங்கை