தேசப்பனின் உதட்டுக் கொப்புளம்

வெள்ளி, மாசி 9

எதிர்வீட்டுத் தேசப்பனின் மகளை இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்து ஐந்து நாள். மீன்பிடித்துவிட்டுக் கடலிலிருந்து நேராக வந்த தேசப்பன் முத்தமிடக் குனிந்தான். உதட்டில் ஹெர்பிஸ் என்ற தொற்றுக் கிருமியால் வந்த கொப்புளம். நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"இன்னா டீச்சர், பெத்தவன் முத்தம் குடுக்கக் கூடாதா?" முகம் வாடிவிட்டது.

"ஜெல்லி மீன் உன் வலையில ஏறினா என்ன செய்வே?"

"என் வலை போச்சு. மத்த படகுக்குப் போன் போட்டு, வலையைத் தூக்குங்கனு கத்துவேன்."

"கிருமி புகுந்த செல்லும் அப்படித்தான் கத்தும். அந்தக் குரலுக்கு இன்டர்ஃபெரான்னு பேரு. பக்கத்து செல்லெல்லாம் உஷாராயிடும். அதனாலதான் உனக்கு உதட்டோட நிக்குது. பச்சைக் குழந்தைக்கு அந்தக் குரல் இன்னும் பலமா எழும்பாது. கிருமி மூளை வரைக்கும் போயிடலாம்."

அவன் சட்டென்று துண்டால் வாயை மூடிக்கொண்டு பின்வாங்கினான். குழந்தை வீறிட்டது.

"இவளுக்கா குரல் இல்ல? குப்பமே முழிச்சிக்கிச்சு!"

"யோவ், சிரிக்க வெக்காதே, தையல் பிரிஞ்சிடும்" என்றாள் அவன் மனைவி.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்து தோல் ஆறும்வரை பொறுக்கச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்றுதான் உறுத்துகிறது. ஆனால் பொழுது சாய்வதற்குள் மூன்று முறை வந்து, வாசலில் நின்று உதட்டைக் காட்டிவிட்டான்:

"காஞ்சிடுச்சா டீச்சர்?"