என் பெயர் போட்ட நகல்

தை மாதம், வியாழன் இரவு

இன்று செய்ததை மாற்றப் போவதில்லை.

திருப்புலி நாட்டு மிளகுத் தோட்டக்காரர்களின் விவரங்களை நேற்று முழுக்க மடிக்கணினியில் ஏற்றினேன். அங்கே சிக்னல் கிடையாது. இன்று சோளக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அந்த டேட்டாபேஸ் ஃபைல், நானும் ஆபீசும் சேர்ந்து பயன்படுத்தும் கிளவுட் ஃபோல்டருக்குப் போனது. அதற்குள் சேந்தமங்கலம் ஆபீசில் எங்கள் விவசாயிகள் சங்க மேனேஜர் அதே ஃபைலின் பழைய வடிவத்தைத் திறந்து, அடிவாரத்துக்காரர்களின் போன் நம்பர்களைத் திருத்திச் சேமித்திருந்தார். ஃபோல்டரில் இப்போது இரண்டு ஃபைல்கள். பிந்தி வந்த என்னுடையதில் என் பெயரோடு 'முரண்பட்ட நகல்' என்று விழுந்திருந்தது.

மேனேஜர் போன் செய்தார். "ஏஞ் சாமி, உன்னுதுதான் தப்புன்னு கம்ப்யூட்டரே பேர் போட்டுச் சொல்லுது பாரு. அழிச்சுடு."

"தப்பு இல்லீங்க, லேட்டுங்க. அழிச்சா திருப்புலி நாட்டு மிளகு நாளைக்கு வியாபாரிக்குப் போற லிஸ்ட்லயே இருக்காதுங்க."

"படிச்ச புள்ளைன்னா எதுத்துப் பேசோணுமா?" என்று போனை வைத்துவிட்டார்.

நான் அழிக்கவில்லை. சோளக்காட்டிலேயே உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டு, அவர் திருத்திய நம்பர்களை ஒவ்வொன்றாக என்னுடையதில் சேர்த்தேன். அவர் உழைப்பும் வீணாகவில்லை. ஃபோல்டர் என் கணக்கில்தான் இருக்கிறது. இனி அவர் பார்க்கலாம், மாற்ற முடியாது என்று வைத்துவிட்டேன். திருத்தம் இருந்தால் என்னிடம் சொல்லட்டும்.

காலையில் எதையாவது மாற்றப் பார்ப்பார், முடியாமல் எனக்குப் போன் போட்டுக் கத்துவார். இங்கே வீட்டில் சிக்னல் இல்லை, ஒளிந்துகொள்ளலாம். மாட்டேன். முதல் பஸ்ஸில் சோளக்காட்டுக்குப் போய், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று அந்த போனை எடுப்பேன்.