பூனையைப் பற்றி நீ எழுதியது

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12.03.1991

அன்புள்ள மகள் யோகமலருக்கு,

நானும் அம்மாவும் இருக்கிற மட்டுக்குச் சுகம், நோர்வேக் குளிரில் நீயும் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமான் துணை. இதை நான் தபாலில் போடவில்லை, தாஹிர் மாஸ்ரர் கொழும்பில் விமானம் ஏறுகிற ஒருவர் கையில் கொடுப்பார், ஆனபடியால் மறைக்காமல் எழுதுகிறேன். உன் போன கடிதத்தை யாரோ பிரித்துப் பார்த்துக் கோணலாய் ஒட்டியிருந்தார்கள். அதில் நீ படிக்கிற பௌதிகவியலைப் பற்றிச் சொல்லும்போது, பெட்டிக்குள் மூடிய பூனை திறந்து பார்க்கும் வரைக்கும் உயிரோடும் இருக்கிறது செத்தும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஷெல்லடியை மழை என்றும் ஆமிக்காரரை மாமா ஆட்கள் என்றும் எழுதிப் பழகிய வீடு இது, நாங்கள் பூனையைப் பூனை என்று எடுப்போமா? உன் தம்பி கதிராமனை ஆமி பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம். அவனைப் பற்றி ஏதோ தெரிந்துதான் இப்படி எழுதினாய் என்று நினைத்தேன், இன்னமும் கொஞ்சம் நினைக்கிறேன். பெட்டி என்றது எந்தக் காம்ப் என்று அம்மாவும் நானும் இரண்டு நாள் சண்டை பிடித்தோம்.

கடைசியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற தாஹிர் மாஸ்ரரிடம் காட்டினேன். இது ஒளிச்ச கதை இல்லை, அணுவின்ரை கணக்கைப் பூனைக்குப் போட்டா எவ்வளவு விசர்த்தனமா வரும் எண்டு காட்டத்தான் சொன்னது, ஆள் பாக்கிறதால ஒண்டும் சாகாது எண்டார். என்னைத் தேற்றத்தான் சொல்கிறாரோ என்று அவரையும் சந்தேகப்பட்டேன். இதற்கிடையில், பிடிபட்டு இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலை ஒரு அரசாங்கக் கந்தோரில் வந்து பார்க்கலாம் என்று கடுதாசி வந்திருக்கிறது, அடுத்த மாத முடிவு வரைக்கும் தவணை. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். பாக்கும் வரைக்கும் உயிரோட இருக்கெண்டு படிச்ச பிள்ளை எழுதியிருக்கிறாள், நீங்கள் பாத்துத்தான் அவனைச் சாக்காட்டப் போறியள் என்கிறாள். மாஸ்ரர் சொன்னதைச் சொன்னால், மாஸ்ரரை ஆர் அனுப்பினது என்று கேட்கிறாள். பார்ப்பதால் ஒருவரும் சாவதில்லை என்று பூனை ஒன்றும் இல்லாமல் தெளிவாய் அவளுக்கு எழுதிவிடு.

நேற்று அம்மாவுக்குச் சொல்லாமல் அந்தக் கந்தோருக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பின்னால் நின்ற மனிசியை முன்னுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், பயமாயிருந்தது பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக் கட்டாமல் வெளியில் போகாதே. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நல்லாயிருக்க வேண்டும். பார்ப்பதால் ஒருவரும் சாவதில்லை என்கிற அந்தப் பதிலை, மறக்காமல் அம்மாவோடு என் பெயரையும் போட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிநாதர்