சித்தி மகள் கல்யாணம்

ஆவணி 18, வெள்ளி

கால் கடுக்கிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று பொம்மைக் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கருவேப்பிலங்குறிச்சி மண்டபத்தில் பந்தி பரிமாறப் போனேன். எனக்குச் சித்தியே கிடையாது. கம்பெனிச் சம்பளம் போதுமென்றால் இந்தச் சித்தி பிறந்திருக்கவே மாட்டாள். இந்த வருஷம் அவளுக்கு இது நான்காவது மகள்.

இரண்டாம் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தேன். ஐந்தாவது இலையில் எங்கள் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். என் தலையில் கேட்டரிங்காரர் கொடுத்த மஞ்சள் தொப்பி. அவர் அதைத்தான் பார்த்தார்.

பக்கத்து இலைக்காரர், "தெரிஞ்ச பொண்ணா?" என்று அவரைக் கேட்டார்.

"எங்க கம்பெனில பொம்மைக்குக் கண்ணு எழுதுது. கல்யாணப் பொண்ணுக்கு அக்கா முறை. சொந்தக்காரங்க வூட்டு விசேஷம்னா இப்படித்தான், இழுத்துப் போட்டுக்கிட்டு செய்யும்."

தினமும் நூறு பொம்மைக்குக் கண் எழுதுகிற கை. ஒரு கரண்டி சாம்பாரை நேராக ஊற்றவில்லை. அவர் வேட்டியில் சிந்திவிட்டேன். அவர் துடைத்துக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அடுத்த கல்யாணத்துக்கு ரெண்டு நாளு முன்னாடியே சொல்லிடும்மா. ஆள் மாத்தி வெக்கணும்ல."

அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன்.

நாளைக்குக் கம்பெனியில் எல்லோரும் பெண் எப்படி இருந்தாள் என்று கேட்பார்கள். அவரை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். நான் பெண்ணைப் பார்க்கவே இல்லை.