மும்முறை உயர்ந்த வெள்ளிக்கோல்

நலம் பெருகுக. முத்தாறை மாநகரின் மூத்த அமைச்சரும் வெள்ளிக்கோல் குடியின் தலைவருமாகிய சேந்தன் மாறவேளாம் யாமும், எம் இளைய மகள் வெயினியும், கார்விழாவின் பறை முதல்வர் காரியண்ணலும், இவ்வோலையை எழுதுபவனும் அன்று தானும் ஆடியதை மறைக்காதவனுமாகிய நாகன் தேவனும் கூடியிருக்க எழுதப்படும் திருமுகம். கருங்குன்ற நாடாளும் வில்லவர்கோ அவர்களின் கோட்டையும் குடியும், சுனையும் தினைப்புனமும் குறைவின்றி விளங்குக.

தங்கள் ஓலை கிடைத்தது. எம் மகள் விழாவில் தெருவில் ஆடினாள் எனக் கேள்வியுற்றதாகவும், அது மெய்யாயின் தங்கள் மைந்தர் பொலங்கோவுக்குப் பேசிய மணத்தை மீண்டும் எண்ண வேண்டியிருக்கும் எனவும் எழுதியிருந்தீர்கள். மெய்தான், ஆடினாள். நடந்ததை எம் வாயாலேயே அறிக.

இவ்வாண்டு குயவர் தெருவில் தோன்றிய தவளை ஆட்டம் ஐந்தே நாளில் நகரைப் பிடித்துக்கொண்டது. இருமுறை குந்தி ஒருமுறை தாவுவது அதன் முறை. தயிர்ப்பானை சுமந்த பெண்கள் தாவினர். கோட்டைக் காவலர் வேலைச் சுவரில் சாத்திவிட்டுத் தாவினர். வழக்கு மன்றத்து முதியோர் இருவர் தீர்ப்புக்கு முன் தாவினர் எனக் கேட்டு, அழைத்துக் கண்டித்தோம். அவர்கள் திரும்பும்போது எம் படிக்கட்டிலேயே தாவியதையும் கண்டோம்.

ஏழாம் நாள் பிற்பகல் ஆட்டவரிசை அரச வீதியில் நுழைந்தது. அதன் நடுவே, சேறு தெறித்த பட்டுடன், எம் மகள். எம் குடித்தலைவர் வெள்ளிக்கோலை உயர்த்தினால் பறை அடங்க வேண்டும் என்பது ஒன்பது தலைமுறை வழக்கு. உயர்த்தினோம். தவளை ஆட்டத்தில் கோல் உயர்ந்தால் இருமடங்கு தாவ வேண்டும் என்பதை எமக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. வீதி முழுதும் எழும்பியது. பறையோர் காணவில்லை போலும் என எண்ணி இன்னும் ஓங்கி உயர்த்தினோம். மாடங்களில் நின்றோரும் தாவினர். கிழவர் இன்றைக்கு நம்மை விடமாட்டார் போல என்று பூ விற்பவள் ஒருத்தி எம் காதுபடவே சொன்னாள். காரியண்ணல் வியர்வை வழிய வந்து, கோலைச் சற்றுத் தாழ்த்தினால் பறையோர் மூச்சு வாங்கிக்கொள்வர் என வேண்டினார். அப்போதே எம் பிழை விளங்கிற்று.

மகளைத் தேடினோம். அவள் பக்கத்தில் நின்ற உப்பு வணிகரிடம் எம்மைச் சுட்டிக்காட்டி, அதோ அவர்தான் என் தந்தை என்று முகம் மலரச் சொல்லிக்கொண்டிருந்தாள். குடிப்பெருமை காத்தே நரைத்த எம்மை அதுவரை எவரும் அப்படிச் சுட்டியதில்லை.

ஆதலின், ஆடும் மருமகள் தங்கள் கோட்டைக்கு ஆகாள் எனின் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்புக. முகம் கோணாது பெற்றுக்கொள்வோம். ஆவாள் எனின் தங்கள் மைந்தரை அடுத்த கார்விழாவுக்கு முன் குந்தி எழப் பழக்குக.

இலச்சினை இடுமுன் ஒன்று. கோல் மூன்றாம் முறையும் பிழையாகவே உயர்ந்தது என நண்பர் சிலர் எம் மானம் கருதிச் சொல்லி வருகின்றனர். அது பொய். முதலிருமுறை பிழை. மூன்றாம் முறை அறிந்தே உயர்த்தினோம். இதற்கு எம் இலச்சினையே சான்று.