செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதிப் பக்கம்

27 ஆகஸ்ட் 2009, வியாழன்

பால் திரிந்துவிட்டது. இருபத்திரண்டு பேருக்கும் கடுங்காப்பிதான். சாலிஹாம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை, ரமலான் நோன்பு. எழுபத்துநாலு வயதில் இந்த வைராக்கியம் எதற்கு என்றேன். "நீ ஏகாதசிக்குப் பட்டினி கெடக்கிறியே, நான் எதுனா கேட்டனா?" என்கிறார். பழவேற்காட்டு வாய்.

டிரஸ்ட் செயலாளர் துளசிராமன் சார் தலையணை கனத்தில் ஒரு விதிமுறைப் புத்தகத்தோடு வந்தார். இல்லத்தின் லைசென்ஸ் டிசம்பரோடு முடிகிறது. வெளிக் கம்பெனி ஒன்று வந்து பார்த்துத் தரச்சான்று கொடுத்தால் போதுமாம், லைசென்ஸ் ஆபீசிலிருந்து யாரும் சோதனைக்கு வர மாட்டார்களாம். தானாக நடமாடுகிற, தெளிந்த புத்தியுள்ள முதியோருக்கான இல்லம் என்று விண்ணப்பித்திருக்கிறார். கடந்த ஆறு மாதத்துக்குப் பதிவேடுகள் வேண்டும். நம்மிடம் ஒன்றுகூட இல்லை. "எழுதிடுங்க வார்டன் மேடம், உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்" என்றார்.

3 செப்டம்பர், வியாழன்

எழுதிக்கொண்டே இருக்கிறேன். யார் எவ்வளவு நடந்தார், யார் விழுந்தார் என்று நாளுக்கு ஒரு பக்கம். பழையதாகத் தெரிய மூன்று பேனா மாற்றினேன். பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் டிரஸ்ட் முத்திரையும் இருப்பதால் கிழிக்க முடியாது.

கை ஓய்ந்துவிட்டது. தினமும் ஒரே சங்கதிதானே என்று இந்த மாதம் முப்பது வரைக்கும் சேர்த்தே எழுதி முடித்துவிட்டேன். சாலிஹாம்மாதான் ஒழுங்காக நடக்கிறவர் என்பதால் தினமும் அவருக்கு இருபது நிமிடம். நாளைக்கு நடப்பதை இன்றைக்கே எழுதுகிற சித்ரகுப்தன் ஆகிவிட்டேன். துளசிராமனிடம் சொல்லவில்லை.

14 செப்டம்பர், திங்கள்

சாலிஹாம்மா விழுந்துவிட்டார். பகல் பன்னிரண்டரை, தொழுகைக்குக் கால் கழுவப்போன இடத்தில். இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. ஐயோ, தொடவே விடவில்லை.

ஆட்டோ கூப்பிடப் போனேன். துளசிராமன் கையைக் குறுக்கே நீட்டினார். "வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரன் வர்றான். இப்போ ஆஸ்பத்திரின்னா அங்க கேஸ் எழுதுவான். லைசென்ஸ் போச்சின்னா இருபத்திரெண்டு பேரும் எங்க போவாங்க? நீங்க எங்க போவீங்க?"

நான் எங்கே போவேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறைதான் எனக்கு வீடு. தேரடித் தெருவில் அண்ணா மன்னியோடு மூன்று மாதம் இருந்து பார்த்தாயிற்று.

பதிவேட்டைத் திறந்தேன். இன்றைய தேதியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: சாலிஹா, முற்றத்தில் இருபது நிமிடம், உற்சாகம். விழுந்தவர்: யாருமில்லை.

16 செப்டம்பர், புதன்

பகலில் வலி மாத்திரை வேண்டாம் என்கிறார். நோன்பாம். சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். பெருமாளே, எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

18 செப்டம்பர், வெள்ளி, மஹாளய அமாவாசை

துளசிராமன் வேண்டுமென்றேதான் இந்த நாளைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அமாவாசைக்கு வீரராகவர் குளத்தில் முழுக்குப் போட்ட கூட்டம் அப்படியே நம் இல்லத்துக்கு வந்து சாப்பாடு போடும். இன்று மூன்று குடும்பம். வடை, பாயசம், புது வேஷ்டி. வருஷத்தில் பன்னிரண்டு நாள்தான் இங்கே இந்தக் கோலம்.

காலையிலேயே சாலிஹாம்மாவைக் கட்டிலோடு அரிசி மூட்டை வைக்கிற அறைக்கு மாற்றினோம். "நான் இன்னா தப்பு பண்ணேன், என்னை இங்க போடுறீங்க?" என்று கேட்டார். கதவைச் சாத்தியது நான்தான்.

கம்பெனியிலிருந்து வந்தவர் நாராயண் என்று ஒரு பிள்ளை. மரியாதையான பிள்ளை. பதிவேட்டில் இன்றைக்கு அப்புறம் உள்ள பக்கங்களை ஒரு கிளிப் போட்டு மூடியிருந்தேன். அவர் கிளிப்பைத் தொடவே இல்லை. என் கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டு, "இந்த சாலிஹாம்மா ஒருநாள்கூட விடாம நடக்கிறாங்களே, அவங்களோட பேசலாமா?" என்றார்.

மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். வாய் கூசவில்லை. பத்தடியில் அந்தக் கதவு. பந்தி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அவர் பாயசம் சாப்பிட்டுவிட்டு, பதிவேட்டில் இன்றைய பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

அவர் நாலு மணிக்குப் போனதும் தெருமுனை ஆட்டோக்காரர் அப்பாவுவின் வண்டியில், போர்வையோடு தூக்கி வைத்து, ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு முறிவு. எப்போது விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். என்னை முந்திக்கொண்டு துளசிராமன், "இப்பதான் சார், ஆட்டோவுல ஏறச்சே வழுக்கிட்டாங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எழுதுகிறேன் இங்கே, பெரிய உண்மைவிளம்பி!

20 செப்டம்பர், ஞாயிறு

சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். மகன் ரிஜ்வான் கும்மிடிப்பூண்டியிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறான். சாலிஹாம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார் — திங்கட்கிழமை விழுந்தது, மூட்டை அறை, எல்லாம்.

துளசிராமன் பதிவேட்டில் பதினான்கு முதல் பதினெட்டு வரை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். வயசானவர்களுக்கு நாள் குழம்பும், ஒன்றும் தப்பில்லை என்று ரிஜ்வானின் தோளில் தட்டிக்கொடுத்தார். ரிஜ்வான் திரும்பத் திரும்பப் படித்தான். "உம்மா, நீ தெனம் நடந்தேன்னு தெளிவா எழுதிகீது. கம்பெனிக்காரரே பாத்து கையெழுத்து போட்டுகீறாரு. மூட்ட ரூமு அது இதுன்னு சொல்லாத, பேஜாரா கீது."

சாலிஹாம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபிளாஸ்க்கைக் கழுவப் போய்விட்டேன்.

21 செப்டம்பர், திங்கள்

பெருநாள். ரிஜ்வான் கொண்டுபோன பிரியாணியை அவர் தொடவில்லையாம்.

25 செப்டம்பர், வெள்ளி

ஆபரேஷன். ரிஜ்வான் கையெழுத்துப் போட்டானாம். நாலு மணி நேரம் வாசலிலேயே நின்றானாம்.

29 செப்டம்பர், செவ்வாய்

இன்று துணிந்து லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன். பேரைச் சொல்லாமல், ஓர் இல்லத்தில் இப்படி நடந்தால் யாரிடம் சொல்வது என்று கேட்டேன். தரச்சான்றுக்குப் போன இல்லம் என்றால் அந்தக் கம்பெனியிடம்தான் சொல்ல வேண்டுமாம். என் செல் நம்பர் தெரியாதபடி எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். புகார் எதுவானாலும் இல்லத்தின் செயலாளர் வழியாக எழுத்தில் வர வேண்டுமாம்.

செயலாளர் வழியாக! வேலியே பயிரை மேய்கிறது, வேலியிடமே மனுக் கொடு என்கிறார்கள். பூத்துக்குள்ளேயே அழுதேன். வெளியே ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

6 அக்டோபர், செவ்வாய்

சான்று வந்துவிட்டது. கண்ணாடி போட்டு, சாமந்தி மாலை போட்டு ஹாலில் மாட்டியாயிற்று. பதிவேடுகள்: மிகச் சிறப்பு.

சாலிஹாம்மா திரும்பி வர முடியாது. நடக்க முடியாதவர், புத்தி தெளிவில்லாதவர், நம் சான்றில் இரண்டுக்கும் இடமில்லை என்கிறார் துளசிராமன். ஊத்துக்கோட்டைப் பக்கம் புத்தி தடுமாறிய முதியோரை வைக்கிற இடம் ஒன்றை அவரே பார்த்துக் கொடுத்திருக்கிறார். வெளிக்கதவு எப்போதும் பூட்டியே இருக்குமாம். சனிக்கிழமை ரிஜ்வான் கொண்டுபோய் விடுகிறான்.

அவர் புத்தி தடுமாறவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதைப் பொய்யாக்கியது என் கை.

அக்டோபர் பக்கம் எழுத வேண்டுமே என்று பதிவேட்டை எடுத்தேன். கிளிப் அப்படியே இருந்தது. கழற்றினேன்.

செப்டம்பர் 25: சாலிஹா, முற்றத்தில் இருபது நிமிடம், உற்சாகம்.

எண்ணும் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. கிழிக்க முடியாது.

8 அக்டோபர், வியாழன்

அந்தப் பக்கத்தை ரிஜ்வானிடம் காட்டினால் இந்த அறை போகும், வேலை போகும். இல்லத்தையே மூடினாலும் மூடுவார்கள். மற்ற இருபத்தொரு பேர்? காட்டாவிட்டால் நாளை மறுநாள் அந்தப் பூட்டு. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் மன்னி முகம் கண்முன் வந்து நிற்கிறது.

9 அக்டோபர், வெள்ளி

பதிவேட்டைப் புடவைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி போனேன். ரிஜ்வான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தேன்.

படித்தான். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தான். "அன்னிக்குத்தான நான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னுக்குனு இருந்தேன்" என்றான். பிறகு பதினான்காம் தேதிப் பக்கத்தைத் தானே புரட்டினான். "அப்போ உம்மா சொன்னது?"

"எல்லாம் நிஜம். எழுதினது நான்" என்றேன்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டினான்.

மதியம் வார்டில் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊத்துக்கோட்டை வேண்டாம், மாடியில் கிடக்கிற சரக்கை எடுத்துவிட்டு அங்கேயே கட்டில் போடுகிறேன் என்றான். துளசிராமன் எனக்கு ஆறு முறை போன் பண்ணிவிட்டார். எடுக்கவில்லை. பதிவேடு ரிஜ்வானிடம் இருக்கிறது. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறானாம். என்னையும் வரச் சொன்னான்.

அவன் டீ வாங்கப் போனபோது சாலிஹாம்மா கேட்டார். "நீதான எழுதுன? அந்தக் கதவ சாத்துனதும் நீதான?"

"ஆமாம் சாலிஹாம்மா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு மணி நேரம் ஆகிறது. இன்னும் திரும்பவில்லை. போகவும் சொல்லவில்லை.