உன் பூட்டைக் கழற்றியவர்கள்

என் அன்பு மச்சாள் ஜெயந்திக்கு,

நீ இருக்கிற இடத்தில் கோபப்பட விடுவார்களோ தெரியாது. இங்கே உன் பங்கையும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் கம்பனிக்காரர் உன் மெஷினில் கை வைத்துவிட்டார்கள். தசைவலிக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். அதற்குள் அலை எழுப்பும் சுற்றுகள் இரண்டு. முதலாவது தாளம் போட, இரண்டாவது அதைக் கேட்டு ஓட வேண்டும். கேட்பது நின்றால் இரண்டாவது தன்பாட்டில் ஓடும். நோயாளியின் தோலில் மின்சாரம் என்ன வலுவில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்காகத்தானே நீ அந்தப் பூட்டை வைத்தாய்? தாளம் அறுந்தவுடன் இரண்டு அலைகளும் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். மறுபடி தொடங்கினால் பூச்சியத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறும். கீமோ ஏற்றிவிட்டு வந்த நாளிலும், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அதைச் சோதித்துக்கொண்டிருந்தவள் நீ.

நீ போன பிறகு, மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது என்று கிளினிக்குகள் முறைப்பாடு செய்தன. ஏன் நின்றது? தாளத்தைக் கொண்டுபோகும் வயருக்கு மலிவான பிளக் வாங்கிப் போட்டிருந்தார்கள். மேசை ஆடினாலே அது கழன்றது. பூட்டு தன் வேலையைத்தான் செய்தது. இந்தப் புத்திசாலிகள் பிளக்கை மாற்றவில்லை, பூட்டைக் கழற்றினார்கள்! நான் அப்போது பிரசவ விடுமுறையில் இருந்தேன். ஒரு போன் எடுத்துக் கேட்டார்களா? இல்லை.

பிறகுதான் கொட்டாஞ்சேனை கிளினிக்கில் செல்வராணி அக்காவுக்கு அது நடந்தது. தையல் வேலை செய்கிறவர். தோள்வலிக்கு வந்து படுத்தவரின் தோள் வெந்து கொப்புளித்துவிட்டது.

நான் வேலைக்குத் திரும்பிய கிழமையே கூட்டம் வைத்தார்கள். மனேஜர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது ஜெயந்தியின்ட டிசைன்தானே. அவ இப்ப இல்ல. இனி ஆரைப் போய்க் கேக்கிறது?"

சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தார், மச்சாள். பதில் சொல்ல வராத ஒருத்தியின் தலையில் பழியை இறக்கிவைப்பது அவ்வளவு சுகமாக இருந்தது அவருக்கு.

அந்தக் கதை வெள்ளவத்தையில் உன் வீடு வரைக்கும் போய்விட்டது. நான் போனபோது உன் அம்மா கதவைத் திறந்த கையோடு கேட்டார்.

"வத்சலா, என்ட பிள்ளை ஒரு மனுசியைச் சுட்டவளோ?"

"இல்லை மாமி. ஒருத்தரையும் சுடக்கூடாதெண்டுதான் அவள் பூட்டுப் போட்டவள். அதைக் கழட்டிப்போட்டாங்கள்."

"அப்ப ஏன் இவளின்ட பேர் அடிபடுது?"



அடுத்த நாள் நேரே களுபோவிலவுக்குப் போனேன். அங்கே ஒரு கிளினிக்கில் நீ இருந்த காலத்துப் பெட்டி இன்னும் ஓடுகிறது. கேட்டு வாங்கிவந்து, புதியதையும் பக்கத்தில் வைத்து, அலையைக் காட்டும் திரையில் இரண்டையும் பொருத்தினேன். எல்லோரையும் கூப்பிட்டேன். இரண்டிலும் தாள வயரின் பிளக்கை மனேஜரையே இழுக்கச் சொன்னேன்.

உன் பெட்டியில் இரண்டு கோடுகளும் அப்படியே படுத்துவிட்டன. புதிய பெட்டியில் முதலாவது ஒன்றும் நடக்காததுபோல் ஓட, இரண்டாவது துள்ளி மேலே போனது.

"இது ஆரின்ட டிசைன், சேர்?"

"கொஞ்சம் கூல் ஆகுங்கோ வத்சலா. உள்ளுக்க கதைச்சு முடிப்பம்."

"உள்ளுக்க கதைச்சா அக்கான்ட தோள் ஆறுமா, சேர்?"



மெஷின்களைத் திருப்பி எடுக்கிறார்கள் இப்போது. அது நல்லதுதான். ஆனால் கிளினிக்குகளுக்குப் போன அறிவித்தலில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டே சொல். யாருடைய கோளாறு? பெட்டி தானாகத் தன் பூட்டைக் கழற்றியதா? என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன்.

போன ஞாயிறு செல்வராணி அக்காவை உன் அம்மாவிடம் கூட்டிப்போனேன். அக்காவால் கையை இன்னும் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. "உங்கட மகள் எனக்கு ஒண்டும் செய்யேல்ல அம்மா. வத்சலா எல்லாம் காட்டினவ" என்றார். உன் அம்மா மேசை விசிறியை அக்காவின் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, கிட்ட இருந்து அழுதார்.

வருகிற கிழமை அக்காவும் நானும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, மருத்துவக் கருவிகளுக்குப் பொறுப்பான அரச அலுவலகத்துக்குப் போகிறோம். என் வேலை போகலாம். போகட்டும், மச்சாள். கழற்றச் சொன்னவர் செல்வராணி அக்காவின் முகத்தைப் பார்த்து "நான்தான் சொன்னேன்" என்று சொல்லும்வரை விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கொட்டாஞ்சேனையிலிருந்து,
உன் மாமா மகள்,
வத்சலா